என்ஜின் ஓரத்து ஈரம்

வாரண்டி முடியப் போகிறது என்றால் நம்மவர்கள் காரில் எதையெல்லாமோ சோதிப்பார்கள். ஏசி குளிர்கிறதா, கண்ணாடி தடையில்லாமல் ஏறி இறங்குகிறதா, ஸ்பீக்கரில் கரகரப்பு உண்டா என்று பார்ப்பார்கள். பானெட்டைத் திறந்து என்ஜினின் ஓரங்களை டார்ச் அடித்துப் பார்ப்பவர்கள் குறைவு. அப்படிப் பார்க்கிற ஒருவர் எங்கோ ஒரு பிசுக்கைக் கண்டு விரல் நீட்டிக் கேட்டால், சர்வீஸ் அட்வைசரிடம் பதில் தயாராக இருக்கும்: "லேசா வேர்த்திருக்கு சார், அது நார்மல்தான்."

பல சமயம் அது உண்மைதான் என்பதால்தான் சிக்கலே. வண்டியின் தரத்தையோ இயக்கத்தையோ பாதிக்காத சிறு குறைகளுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று வாரண்டிப் புத்தகங்களில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். உங்கள் என்ஜினில் தெரியும் ஈரம் அந்த வரிக்குள் அடங்குமா, அதைத் தாண்டுமா என்பதில்தான் சில நூறு ரூபாய் சீலும் பல ஆயிரம் ரூபாய் கூலியும் ஊசலாடுகின்றன. அதைத் தீர்மானிக்கக் கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் ரப்பர் வேதியியலும் தெரிந்திருந்தால், கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவரும் வாதாடலாம்.

முதலில், என்ஜினுக்குள் ஆயில் இரண்டு விதமாக வாழ்கிறது. ஒன்று பம்பு தள்ளும் ஆயில். ஃபில்டர் வழியாக, பிளாக்கில் குடைந்த துளைகள் வழியாக, கிராங்க் ஷாஃப்ட்டின் பேரிங்குகளுக்கும் மேலே கேம் ஷாஃப்ட்டுக்கும் போவது. என்ஜின் சூடாகி ஐடிலில் நிற்கும்போது அதன் அழுத்தம் ஏறத்தாழ 1 பார். வேகமெடுத்தால் 3 பாரைத் தாண்டும். உங்கள் டயரில் அடைத்த காற்றைவிட அதிகம். மற்றொன்று வேலை முடித்துவிட்டு வழிந்து இறங்கும் ஆயில். டேப்பெட் கவருக்கு அடியில் தெறிப்பதும், சுவர்களில் ஓடி, அடியிலுள்ள 'சம்ப்' என்ற தொட்டியில் தேங்குவதும் இது. இதற்குப் பெரிய அழுத்தம் கிடையாது, புவியீர்ப்பு மட்டும்தான்.

கசிவைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எந்த ஆயில் என்பது. ஃபில்டர் அடிப்பகுதி, ஆயில் பிரஷர் சுவிட்ச், டர்போவுக்குப் போகும் குழாய் ஆகிய இடங்களில் ஓட்டை விழுந்தால் ஆயில் பீய்ச்சும். சில நிமிடங்களிலேயே சம்ப் காலியாகும் அளவுக்கும் போகலாம். அதற்கு வாரண்டி தேதி பார்க்க வேண்டியதில்லை, வண்டியை ஓரம் கட்டி அணைக்க வேண்டியதுதான். டேப்பெட் கவர், சம்ப் விளிம்பு, கிராங்க் ஷாஃப்ட்டின் இரு முனைச் சீல்கள் ஆகியவை வேறு ரகம். அங்கே கசிவு மாதக் கணக்கில் மெல்ல வளரும். வாரண்டிக்குள் பிறந்து, வாரண்டி முடிந்தபின் கண்ணுக்குத் தெரிவது இந்த ரகம்தான்.

இவற்றில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனைச் சீலைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், கிளட்ச்சுக்குப் பின்னால் அது ஒளிந்திருக்கிறது. சுழலும் எஃகுத் தண்டைச் சுற்றி ஒரு வளையம்; அதன் உள்விளிம்பு மெல்லிய உதடு போலத் தண்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். தண்டின் விட்டம் 80 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 3000 சுற்றில், அந்த உதட்டுக்கு அடியில் எஃகு மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் வழுக்கிக்கொண்டு போகிறது. வண்டி சராசரியாக 40 கி.மீ. வேகத்தில் 1 லட்சம் கி.மீ. ஓடியது, என்ஜின் சராசரியாக 2000 சுற்றில் இருந்தது என்று கொண்டால், தண்டு 30 கோடி முறை சுழன்றிருக்கும். உதடு தேய்ந்த தூரம் சுமார் 75,000 கி.மீ. பூமியைக் கிட்டத்தட்ட இரண்டு முறை சுற்றி வரும் தொலைவு அது. உலர்ந்து தேய்ந்தால் எந்த ரப்பரும் இதைத் தாங்காது.

தாங்குவதற்குக் காரணம், சீல் உண்மையில் உலர்ந்திருப்பதில்லை. உதட்டுக்கும் எஃகுக்கும் நடுவே சுமார் ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்கு ஓர் ஆயில் படலம் எப்போதும் இருக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமனில் பல பத்தில் ஒரு பங்கு. அப்படியானால் அந்த ஆயில் ஏன் வெளியே வந்துவிடுவதில்லை? உதட்டின் இரு பக்கச் சரிவும் ஒன்றுபோல இல்லை. ஆயில் இருக்கும் பக்கம் செங்குத்தாகவும், காற்று இருக்கும் பக்கம் சாய்வாகவும் வெட்டியிருப்பார்கள். தண்டு சுழலும்போது உதட்டின் நுண்ணிய மேடுபள்ளங்கள் இந்தச் சரிவு வேறுபாட்டால் ஒரு பக்கமாகக் கோணி, வெளியே எட்டிப்பார்க்கும் ஆயிலைத் திரும்ப உள்ளே தள்ளிவிடுகின்றன. ஆக, சீல் என்பது அடைப்பு மட்டுமல்ல, ஒரு குட்டிப் பம்பும்கூட. அதையே திருப்பிப் போட்டால் ஆயிலை அக்கறையோடு வெளியே இறைக்கும்.

சீலின் ஓரத்தில் லேசான பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் இருப்பது கோளாறு ஆகாது என்பதன் காரணம் இதில் அடங்கியிருக்கிறது. அந்தப் படலத்திலிருந்து மிக நுண்ணிய அளவில் ஏதோ வெளியே தப்பிக்கத்தான் செய்யும். சர்வீஸ் அட்வைசர் சொல்லும் 'வேர்வை' இதுதான் என்றால் அவர் சொல்வது சரி. ஈரம் திரண்டு, கீழ்நோக்கித் தடம் போட்டு, நுனியில் சொட்டாக நிற்கிறதென்றால் அந்தக் குட்டிப் பம்பு தோற்றுவிட்டது என்று பொருள்.

இந்த உதட்டுச் சீல் பிறந்தது ரப்பர் ஆலையில் அல்ல, தோல் பதனிடும் ஆலையில். ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் 1849இல் தொடங்கிய ஃப்ராய்டன்பெர்க் நிறுவனம் தோல் தொழிலில் இருந்தது. அதில் பணியாற்றிய வால்டர் சிம்மர் என்ற பொறியாளர் 1930களின் தொடக்கத்தில் தண்டுச் சீலை உருவாக்கினார். அன்று அதன் உதடு தோலால் ஆனது. சில ஆண்டுகளில் செயற்கை ரப்பர் அந்த இடத்தைப் பிடித்தது. நம் ஊர் அடிகுழாயைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. அங்கேயும் தண்ணீரைத் தாங்கியது ஒரு தோல் வாசர்தான். இன்றைய புது என்ஜின்கள் பலவற்றில் ரப்பரும் போய், டெஃப்லான் வகை உதடு வந்துவிட்டது. அவற்றில் பலவற்றை உலர்ந்த நிலையிலேயே பொருத்த வேண்டும். விரலில் ஆயில் தொட்டு உதட்டில் தடவிவிட்டு மாட்டுவது பழைய பட்டறைப் பழக்கம். இந்தச் சீலுக்கு அதுவே வினையாகும்.

சுழலாத இடங்களில் வேலை கேஸ்கட்டுக்கு. அசையாத இரண்டு பாகங்களுக்கு நடுவே இருப்பதால் சுலபமான வேலை என்று தோன்றும். ஆனால் என்ஜினில் அசையாத பாகம் என்று ஒன்று கிடையாது. 400 மி.மீ. நீளமுள்ள அலுமினிய ஹெட், காலையில் 30 டிகிரியிலிருந்து ஓட்டத்தில் 100 டிகிரிக்குப் போகும்போது ஏறத்தாழ 0.64 மி.மீ. நீள்கிறது. அதற்குக் கீழே வார்ப்பிரும்பு பிளாக் இருந்தால், அது நீள்வது 0.3 மி.மீ. மட்டுமே. நீங்கள் ஒருமுறை ஆபீஸ் போய் வருவதற்குள், இந்த மூன்றில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் கேஸ்கட் மாறி மாறி இழுபடுகிறது. மேலே பிளாஸ்டிக் டேப்பெட் கவருக்கும் அலுமினிய ஹெட்டுக்கும் இடையிலும் இதே தகராறுதான்.

ரப்பர் கேஸ்கட் இதைச் சமாளிப்பது அதன் மீள்திறனால். நசுக்கினால் திரும்பத் தள்ளும். அந்தத் தள்ளல்தான் ஆயிலை நிறுத்துகிறது. சூட்டில் வருடக்கணக்கில் நசுங்கியே கிடந்தால், ரப்பரின் மூலக்கூறு வலைப்பின்னலில் பழைய கண்ணிகள் அறுந்து, நசுங்கிய வடிவத்திலேயே புதுக் கண்ணிகள் விழுகின்றன. போல்ட்டைத் தளர்த்தினாலும் அது பழைய உயரத்துக்கு எழாது. ரப்பர் ஆய்வகங்களில் இதற்கென்றே ஒரு சோதனை உண்டு. துண்டு ரப்பரை நான்கில் ஒரு பங்கு நசுக்கி, சூட்டு அடுப்பில் வைத்து, வெளியே எடுத்தபின் எவ்வளவு எழுந்தது, எவ்வளவு எழவில்லை என்று அளப்பார்கள். முழுதாக எழாத ரப்பர் தள்ளும் சக்தியை இழந்த ரப்பர்.

சூடு இங்கே நேர்க்கோட்டில் வேலை செய்வதில்லை. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் பல வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது ஸ்வான்டே அர்ரீனியஸ் 1889இல் வகுத்த சமன்பாட்டோடு ஒத்துப்போகும் கைக்கணக்கு. ரப்பர் மூப்படைவதற்கும் அது ஓரளவு பொருந்தும். மே மாதத்து வேலூரில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் வண்டியின் கேஸ்கட், ஊட்டியில் ஓடும் வண்டியின் கேஸ்கட்டைவிட வேகமாக வயதாகும் என்றால் நம்பலாம். என்ஜினை அணைத்தபின் முதல் சில நிமிடங்கள் பானெட்டுக்குள் சூடு குறையாமல் ஏறும் என்பதும் பலருக்குத் தெரியாது. கூலன்ட் ஓட்டமும் காற்றும் நின்றுவிடுகின்றன. உலோகத்தில் தேங்கிய வெப்பம் எங்கே போகும்?

சம்பும் டைமிங் கவரும் இப்போது பெரும்பாலும் ரப்பர் கேஸ்கட்டில் உட்காருவதில்லை. ரோபோ கை ஒரு கோடாகப் பிழியும் சிலிக்கோன் பசைதான் கேஸ்கட். நம் பட்டறைகளில் இதை 'அனபாண்ட்' என்றே சொல்வார்கள், சென்னைக் கம்பெனி ஒன்றின் பிராண்டு பெயர் பொருளின் பெயராகவே ஆகிவிட்டது. இந்தப் பசை காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி இறுகுகிறது. முழுதாக இறுக ஒரு நாள்கூட ஆகும். தொழிற்சாலையில் கோடு எங்காவது மெலிந்திருந்தால் அன்றைக்கே தெரியாது. குறிப்பாக ஹெட், பிளாக், டைமிங் கவர் மூன்றும் ஒரே முனையில் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். மூன்று விளிம்புகளும் நூல் பிடித்தாற்போல ஒரே மட்டத்தில் இருக்காது. அந்த நுண்ணிய படிக்கட்டைப் பசைதான் நிரப்ப வேண்டும். டார்ச் அடித்து ஓர் இடத்தை மட்டும் பார்க்க நேரமிருந்தால், நான் பார்ப்பது அந்த முனையைத்தான்.

இத்தனைக்கும் பிறகு, சீலும் கேஸ்கட்டும் குற்றமற்றவையாக இருந்தும் ஆயில் ஒழுகலாம். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, எரியும் வாயுவில் சிறு பகுதி எப்போதும் கீழே கிராங்க் கேஸுக்குள் இறங்குகிறது. அதை வெளியேற்ற பிரீதர் என்ற குழாயும் ஒரு வால்வும் உண்டு; அந்த வாயுவை உறிஞ்சி மீண்டும் எரிப்பதற்கு அனுப்பும். அந்த வழி கசடு பிடித்து அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். பூஜ்ய அழுத்தத்தை நம்பிக் கட்டிய சீல்கள், எது பலவீனமோ அங்கே வழிவிடும். மெக்கானிக் சீலை மாற்றுவார், ஆறு மாதத்தில் அதே இடம் மறுபடி ஈரமாகும். பழைய கைகள் இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். என்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, தலைகீழாக அந்த வாயின் மேலேயே வைப்பார்கள். சும்மா அதிர்ந்தால் சரி. எகிறித் துள்ளினால் சீல் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் பிரீதரைக் கழற்று என்று அர்த்தம்.

"என் வண்டி நிற்கும் இடத்தில் தரை சுத்தமாக இருக்கிறதே" என்று நிம்மதி அடைபவர்களுக்கு ஒரு செய்தி. இன்றைய கார்கள் பலவற்றில் என்ஜினுக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டு ஒன்று இருக்கிறது. சிலவற்றில் சத்தம் குறைக்க மெத்தை போன்ற பொருளும் ஒட்டியிருக்கும். சொட்டுவதை எல்லாம் அது வாங்கி வைத்துக்கொள்ளும். தரைக்கு வரும்போது கதை பாதி முடிந்திருக்கும்.

சொட்டின் கணக்கும் நம்மை ஏமாற்றும். ஆயிலின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் பாதிக்கும் குறைவு. அதனால் ஆயில் சொட்டு சிறியது, 1 மி.லி.க்கு ஏறத்தாழ 40 சொட்டு என்று கொள்ளலாம். நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்பது பார்க்க அற்பம்; ஆனால் இடைவிடாமல் ஒழுகினால் நாளுக்கு 36 மி.லி., மாதத்துக்கு 1 லிட்டருக்கும் மேல். 1.2 லிட்டர் என்ஜின்களின் மொத்த ஆயிலே மூன்று, மூன்றரை லிட்டர்தான். அதே குறைந்த இழுவிசைதான் ஆயிலை உலோகத்தின் மேல் படர வைக்கிறது. ஒரு சொட்டு உள்ளங்கை அகலம் பரவிப் பெரிய விபத்துபோலக் காட்டும். ஆகவே பரப்பை வைத்துப் பயப்படவும் வேண்டாம், தரையை வைத்து நிம்மதி அடையவும் வேண்டாம். அளவு சொல்வது டிப்ஸ்டிக். சமதரையில், என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, துடைத்து, முழுக்கச் செருகி எடுங்கள். பெரும்பாலான கார்களில் மேல் குறிக்கும் கீழ்க் குறிக்கும் இடையே சுமார் 1 லிட்டர். மட்டம் இறங்குகிறது, வெளியே ஈரமே இல்லை என்றால் ஆயில் உள்ளே எரிகிறது. அது வேறு விசாரணை.

தேடும் முறைக்கு வருவோம். சர்வீஸுக்கு விட்டவுடன் நம் ஊரில் நடக்கும் முதல் காரியம் வாட்டர் வாஷ். அடிப்பாகத்தில் பிரஷர் வைத்து அடித்தால் மூன்றாண்டுச் சாட்சியமும் சாக்கடையோடு போய்விடும். ஆகவே வண்டியை விடும்போதே, "முதல்ல லிஃப்ட்ல ஏத்துங்க, அடித்தட்டைக் கழட்டிக் காட்டுங்க, அப்புறம் வாஷ் பண்ணுங்க" என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால் அருகில் நில்லுங்கள். செல்போனில் படம் எடுங்கள்.

ஈரம் இருந்தால், எங்கே அதிகம் என்று பார்க்காதீர்கள். எங்கே மிக உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஆயில் கீழே இறங்கும். ஓட்டத்தில் காற்று அதை வண்டியின் பின்பக்கம் தள்ளும். ஊற்றுக்கண் பெரும்பாலும் ஈரத்தின் மேல்முனையிலும் முன்முனையிலும் இருக்கும். சம்ப் கேஸ்கட் போய்விட்டது என்று சொல்லப்படும் கசிவு எத்தனையோ முறை மேலே டேப்பெட் கவரிலிருந்து வழிந்து வந்ததாக இருக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் அந்த இடத்தை பனியன் வேஸ்ட்டால் துடைத்து, பிரேக் கிளீனர் அடித்து உலர்த்தி, முகத்துக்குப் போடும் பவுடரை மெலிதாகத் தூவுங்கள். என்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிட்டால், வெள்ளைப் பரப்பில் முதலில் கறுக்கும் புள்ளிதான் குற்றவாளி. மின்விசிறி, பெல்ட் அருகே கையும் துணியும் போகக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதைவிடத் துல்லியமானது ஒளிரும் சாயம். சில மில்லி லிட்டர் சாயத்தை ஆயிலில் கலந்து, சில நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா விளக்கு அடித்தால் கசியும் இடம் மஞ்சள் பச்சையாக எரியும். கண்ணுக்குத் தெரியாத குறுகிய அலைநீள ஒளியை விழுங்கி, கண்ணுக்குத் தெரியும் நீண்ட அலைநீளத்தில் உமிழ்வது அந்தச் சாயத்தின் குணம்; 1852இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் விளக்கிய நிகழ்வு இது. வாரண்டிக்குள் இருக்கும் வண்டியில் இதை நீங்களாக ஊற்ற வேண்டாம்; சர்வீஸ் சென்டரையே செய்யச் சொல்லுங்கள். கசிவை நிறுத்தும் என்று பாட்டிலில் விற்கும் திரவங்களுக்கும் இதே தடை. அவை ரப்பரை உப்ப வைத்துச் சில மாதம் ஏமாற்றும். அந்தச் சில மாதத்தில்தான் உங்கள் வாரண்டி முடியும்.

பொய்த் தடயங்களும் உண்டு. ஆயில் மாற்றியபோது ஃபில்டர் மேடையில் சிந்தியது ஒரு வாரம்வரை சொட்டும். ஏசியிலிருந்து ஒழுகும் தெளிந்த தண்ணீரைப் பார்த்துப் பதறுபவர்களும் இருக்கிறார்கள். பச்சையோ ரோஜா நிறமோ என்றால் அது கூலன்ட். அதுவும் கவலைக்குரியதுதான், ஆனால் வேறு புகார். 'சிந்தெடிக் ஆயில் போட்டால் லீக் ஆகும்' என்ற வதந்திக்கு மட்டும் ஒரு நியாயமான பூர்விகம் இருக்கிறது. ஆரம்ப கால சிந்தெடிக் ஆயில்களின் அடிப்படைத் திரவம் ரப்பரைச் சற்றே சுருங்க வைத்தது; மினரல் ஆயிலில் உப்பிப் பழகிய சீல்களின் பிடி தளர்ந்தது. பின்னர் எஸ்டர் வகைத் திரவங்களைச் சேர்த்து அதைச் சரிக்கட்டிவிட்டார்கள். காரணம் போய்விட்டது, வதந்தி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கிளட்ச்சுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சீலுக்கே திரும்புகிறேன், ஏனென்றால் காசு அங்கேதான் இருக்கிறது. சீலின் விலை சில நூறிலிருந்து ஓரிரு ஆயிரம் வரை. அதைத் தொட வேண்டுமென்றால் கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச்சைக் கழற்றி, ஃப்ளைவீலை எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் ஆயில் கிளட்ச் தட்டில் படிந்து, மேடு ஏறும்போது என்ஜின் கத்தும், வண்டி நகராது. டேப்பெட் கவர் கசிவோ சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டினால் புகையும் கருகல் வாடையும் வரும். தீப்பிடிக்கும் வாய்ப்பும் இல்லாமலில்லை. இந்த இரண்டு இடத்திலும் 'நார்மல்' என்ற பதிலை ஏற்றுக்கொள்ள வேண்டாம். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் கூட்டின் அடியில் கறுப்பாக ஒரு சொட்டு தொங்கினால், அது என்ஜின் ஆயிலா கியர் ஆயிலா என்று கேளுங்கள். விரலில் தேய்த்து மோந்தாலே நல்ல மெக்கானிக் சொல்லிவிடுவார். பல கியர் ஆயில்களில் கந்தக வாடை தூக்கும்.

வாய்ப் புகாரால் பயனில்லை. ஜாப் கார்டில் தேதியோடும் ஓடிய கிலோமீட்டரோடும், எந்த இடத்தில் கசிவு என்று எழுதச் சொல்லுங்கள். "கவனித்துப் பார்க்கலாம்" என்று அவர்கள் சொன்னால் அந்தச் சொல்லையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். துடைத்துவிட்டு, 500 கி.மீ. ஓட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்புவது நியாயமான நடைமுறைதான். வேர்வையையும் ஒழுக்கையும் பிரிக்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அந்த 500 கி.மீ. வாரண்டிக்குள் முடிய வேண்டும். மாற்றிய பாகத்துக்கும் பெரும்பாலும் மூல வாரண்டியின் மிச்ச நாள் மட்டுமே பாதுகாப்பு. சரிசெய்தபின் அதே இடம் மறுபடி ஈரமாகிறதா என்று பார்க்கவும் நாள் வேண்டும். இரண்டு மாதம் மிச்சம் இருக்கும்போதே லிஃப்ட்டில் ஏற்றிவிடுங்கள்.